ரொட்டிக்குள் விழுந்த செமிகோலன்

நான் நம்பிய முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூச்சம். நான் ஆற்றிய ஒரே ஒரு சொற்பொழிவைக் கேட்டு, எங்கள் அலுவலகத்துப் பெண்கள் இரண்டு பேர் தவறே செய்யாத பிறவிகளாக மாறிவிட்டார்கள் என்று நம்பினேன். ஒரு மழைக்காலம் முழுக்க நம்பினேன். வீட்டில் போய்ப் பெருமையாகவும் சொன்னேன்.

"அம்புட்டு நல்லா பேசுவீங்களா? இந்த வீட்டுல ஒரு நாளும் கேட்டதில்லையே" என்றாள் என் மனைவி.

அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. கோபத்தில் எழுதுகிறேன். கோபம் யார் மேல் என்பது போகப் போகத் தெரியும். என் மேலும் கொஞ்சம் உண்டு. ஆனால் அதைச் சிரித்துச் சமாளித்துவிடுவேன், பழக்கம்.

1. ரெண்டு கை, ஒரு பக்கம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் யூனிட். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் புத்தக வேலை கொடுக்கும். சென்னைக் கம்பெனி அதில் சிரமமான பகுதியை எங்களுக்குத் தள்ளிவிடும். கைப்பிரதியைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்புவது எங்கள் வேலை. கீயிங் என்போம்.

ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் அடிக்க வேண்டும். ஒருவர் திரையை ஒருவர் பார்க்கக் கூடாது. அடித்து முடித்ததும் இரண்டு ஃபைலையும் கம்பேர் சாஃப்ட்வேரில் போடுவோம். எங்கெல்லாம் இரண்டும் மாறுபடுகிறதோ அங்கெல்லாம் சிவப்பு விழும். க்யூசி ஆள் அந்தச் சிவப்பை மட்டும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, எது சரியோ அதை வைத்துக்கொள்வார். அந்த க்யூசி ஆள் நான். பெயர் வேலுச்சாமி, ஊர் சித்தையன்கோட்டை, பி.ஏ. ஆங்கிலம், தலையில் முடி அப்போதே பாதி.

சிவப்பு விழாத இடத்தை நாங்கள் பார்க்கவே மாட்டோம். இரண்டு பேரும் ஒரே மாதிரி அடித்திருந்தால் மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று அர்த்தம். தனித்தனியாக உட்கார்ந்த இரண்டு பேர், ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்வது அபூர்வம். அந்த நம்பிக்கையின் மேல்தான் இந்தத் தொழிலே நிற்கிறது. தனித்தனியாக என்ற சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை.

எங்கள் முதலாளி தனபால். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். காய்கறிக் கமிஷன் கடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். தக்காளிப் பெட்டியில் மேலே நல்ல பழத்தையும் அடியில் நசுங்கியதையும் அடுக்கும் கலை அவரோடு கூடவே மாடியேறி வந்தது. அவருடைய அண்ணன் மகள் முத்துலட்சுமி ஒரு கீயர். இன்னொரு கீயர் ஸ்டெல்லா. கொடைரோட்டிலிருந்து தினமும் ரயிலில் வருவாள். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார். வீட்டுக்கு வருகிற நிச்சயமான சம்பளம் இவளுடையது. யூனிட்டிலேயே வேகமான கை அவளுக்கு.

அந்தக் கைக்குக் கிடைத்த கீபோர்டு யூனிட்டிலேயே மோசமானது. மஞ்சள் பூத்துப்போன பழைய போர்டு, மூலையில் அவள் ஒட்டிய மாதா ஸ்டிக்கர். அதில் செமிகோலன் பொத்தானுக்குக் கீழே ஸ்பிரிங் செத்துவிட்டது. ஒரு தரம் தட்டினால் இரண்டு விழும். வெளிநாட்டு எழுத்துக்கள் கீபோர்டில் இல்லாததால், ஒவ்வொன்றுக்கும் ě என்பது மாதிரி ஒரு கோடு, அதாவது ஒரு சங்கேதச் சொல், அடிப்போம். ஒவ்வொரு கோடும் செமிகோலனில்தான் முடியும். ஆகவே ஸ்டெல்லா அடித்த பக்கத்தில் கோடுக்குக் கோடு ஒரு செமிகோலன் அதிகம். கம்பேரில் போட்டால் அம்மை வார்த்த மாதிரி பக்கம் சிவக்கும். நான் ஒவ்வொன்றாக அழிப்பேன்.

அவள் பல தரம் கேட்டுப் பார்த்தாள். நானும் கேட்டேன். தனபால் சொன்ன பதில் ஒன்றுதான்.

"ஒரு புள்ளிக்கு ஒரு போர்டாய்யா? நீ எதுக்கு இருக்கே, அழிச்சு விடு."

2. யாரும் எழுதி வைக்காத மொழி

அந்த ஐப்பசியில்தான் அகராதி வந்தது. ஆதி ஸ்லாவிய மொழியின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்கிற அகராதி. எழுதியவர் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியை. முதல் பக்கத்தைப் பார்த்தேன். எழுத்துக்குத் தொப்பி, எழுத்துக்கு வால், எழுத்துக்கு மூக்குத்தி. போதாததற்கு ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு நட்சத்திரம். பேராசிரியைக்குப் பிடித்த சொற்களுக்கு நட்சத்திரம் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக எல்லாச் சொல்லுமே பிடித்திருந்தது தெரிந்ததும், சரி, தாராள மனசுக்காரர் என்று முடிவு செய்தேன்.

முன்னுரையைப் படித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்த மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. ரஷ்யன், போலிஷ், செக், செர்பியன் எல்லாம் அதன் பிள்ளைகள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, முகஜாடையை ஒப்பிட்டு, தாய் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று கணக்குப் போடுகிறார்கள். நட்சத்திரம் என்றால் கண்ணால் கண்டதில்லை, கணக்கில் வந்தது என்று பொருள்.

எனக்கு வந்ததே கோபம். யாரும் எழுதாத மொழியை எங்கள் பிள்ளைகள் எதற்கு விரல் ஒடிய அடிக்க வேண்டும்? ஸ்டெல்லாவிடம் புலம்பினேன். அவள் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அண்ணே, இது நம்ம கம்பேர் மாதிரிதானே. நாலு பிள்ளைக கிட்டயும் ஒரே மாதிரி இருந்தா அது அம்மா கிட்ட இருந்தது. என்ன, இவுகளுக்கு ஒரிஜினல் பக்கம் தொலைஞ்சு போச்சு."

முன்னுரையில் பேராசிரியை பல பக்கம் எழுதியதை இவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள் என்று அப்போது சிரித்தேன். அதற்குள் ஒரு ஓட்டை இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வேலை தொடங்கிய சில நாளில் தனபால் ஒரு மாற்றம் செய்தார். முத்துலட்சுமியையும் அவள் சிஸ்டத்தையும் தன் கண்ணாடிக் கேபினுக்குள் கொண்டுபோனார்.

"கஷ்டமான வேலைங்க. ஏசி இருந்தாத்தான் புள்ளைக்கு மூளை ஓடும்" என்றார்.

மூளை ஓடட்டும் என்று நானும் விட்டேன். அதே வாரம் எல்லோரையும் கூட்டி வைத்து, கீழே பேக்கரியில் பன் வாங்கிக் கொடுத்து, கவனம் என்பதைப் பற்றி நான் அந்தச் சொற்பொழிவை ஆற்றினேன். பார்த்ததை அடி, நினைத்ததை அடிக்காதே என்று பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

மறுவாரம் கம்பேர் போட்டால் சிவப்பே இல்லை. தொப்பியும் வாலுமாக இருந்த பக்கங்களில் ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. அடுத்த தொகுதியிலும் இல்லை. ஸ்டெல்லாவின் இரட்டைச் செமிகோலனையும் காணோம். என் பேச்சைக் கேட்டு மெதுவாகத் தட்டப் பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு இல்லாததால் நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஹாலில் நடந்தேன். நடையில் ஒரு மிதப்பு இருந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

3. ப்ரூஃப் திரும்பி வந்தது

சென்னைக் கம்பெனி அந்த ஃபைல்களைப் பக்கமாக்கிப் பேராசிரியைக்கு ப்ரூஃப் அனுப்பியது. அவர் திருப்பி அனுப்பினார். ப்ரூஃபில் தொப்பி வைத்த எழுத்து ஒவ்வொன்றின் பின்னாலும் அநாதையாக ஒரு செமிகோலன் நின்றது. பக்கமாக்கும்போது கோடு எழுத்தாக மாறிவிட்டது, கூடுதலாக விழுந்த செமிகோலன் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

அவர் உதாரணத்துக்கு வட்டம் போட்டிருந்த சொல், ரொட்டி. ஆதி ஸ்லாவியத்தில் கிட்டத்தட்ட 'ஹ்லேபு' என்று வரும். முதல் எழுத்தைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டும். அதன் நடுவில் ஒரு செமிகோலன், கடைசியில் ஒரு செமிகோலன். என் ரொட்டியை யார் இப்படி வெட்டியது என்று ஓரத்தில் கேட்டிருந்தார். கோபத்திலும் நாகரிகமான அம்மாள்.

சென்னை மேனேஜர் ரகுராமன் ஃபோனில் வந்தார். இரண்டு பேர் அடித்த ஃபைலையும் தனித்தனியாக உடனே அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். செத்த நேரத்தில் மறுபடி ஃபோன்.

"வேலுச்சாமி, ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு. தேவையில்லாம விட்ட ஸ்பேஸ் கூட ஒரே இடத்துல இருக்கு. இது டபுள் கீயிங் இல்ல. யாரோ காப்பி பண்ணியிருக்காங்க. வியாழக்கிழமை நேர்ல வரேன். எனக்கு பேர் வேணும்."

என் பயத்தை விவரிக்க வேண்டும். முதலில் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கே செய்ய ஒன்றும் இல்லாததால் வெளியே வந்து கீழே டீ குடித்தேன். மறுபடி மேலே வந்தேன், மறுபடி டீ. கோட்டை மாரியம்மனுக்கு வேண்டினேன். பிறகு, விவகாரத்தில் ஸ்டெல்லாவும் இருக்கிறாளே என்று அந்தோணியாருக்கும் ஒன்று வேண்டினேன். பழனிக்கு மொட்டை போடுவதாக நேர்ந்துகொண்டேன். இருக்கிற முடியைப் பார்த்தால் முருகன் அதைக் காணிக்கையாக எடுத்துக்கொள்வாரா, கிண்டலாக எடுத்துக்கொள்வாரா என்று அதற்கும் பயந்தேன்.

நான் பயந்துகொண்டிருந்த நேரத்தில் தனபால் வேலையை முடித்துவிட்டார். ஹாலுக்கு நடுவில் நின்று, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"ஸ்டெல்லா, எந்திரி. நம்ம முத்துலட்சுமி கண்ணு நோக அடிச்சதை நீ நெட்வொர்க்குல எடுத்துப் போட்டிருக்கே. விசாரணை முடியற வரைக்கும் சிஸ்டத்துல உக்காரக் கூடாது. வெளிய இரு."

"சார், நான் ஏன் சார் எடுக்கணும்? நான்தானே அடிச்சேன்."

"அதை சென்னைக்காரர்கிட்ட சொல்லிக்க. வியாழக்கிழமை உன் பேரைத்தான் எழுதிக் கொடுக்கப் போறேன்."

அந்தத் தொழிலில் காப்பி என்று பெயர் வந்தால் அவ்வளவுதான். சென்னைக் கம்பெனி தன் கீழே இருக்கும் எல்லா யூனிட்டுக்கும் பெயரைச் சொல்லிவிடும். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ யாரும் சேர்க்க மாட்டார்கள். ஸ்டெல்லாவுக்குப் போவது இந்த வேலை மட்டும் இல்லை, இனி வரப்போகிற வேலை அத்தனையும்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மாடிப்படியில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மறுநாளும் ரயில் ஏறி வந்து அங்கேயே உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வீட்டுல இருக்கலாம்ல? கூப்பிட்டா வரலாம்" என்றேன்.

"வீட்டுல இருந்தா தப்பு பண்ணுனவ ஓடிட்டான்னு சொல்வாருண்ணே. இங்கனயே இருக்கேன். வாறவன் போறவன் எல்லாம் பாக்கட்டும்."

பார்த்தார்கள். பேக்கரிக்காரர் கூடப் பார்த்தார்.

4. யார் யாரிடமிருந்து

நான் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த ரொட்டிப் பக்கத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விழாததால் நான் படிக்காமல் விட்ட பக்கம். அப்போதுதான் முதல் முறையாக அதைப் படித்தேன்.

ஸ்லாவியப் பிள்ளைகள் எல்லோரிடமும் இந்தச் சொல் இருக்கிறது. ஆகவே தாயிடமும் இருந்தது. ஆனால் பக்கத்து வீடான ஜெர்மானியத்திலும் ஏறக்குறைய இதே சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரொட்டியை லோஃப் என்கிறார்களே, அது அந்த வீட்டுப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் ஒரே சொல் இருப்பதால், இரண்டுக்கும் பொதுவான பாட்டன் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது என்கிறார் பேராசிரியை. ஒருவர் இன்னொருவரிடம் வாங்கியிருக்கலாம். வாங்கியதென்றால் அந்த ஒற்றுமை எதற்கும் சாட்சி ஆகாது. ஸ்டெல்லா சொன்ன கணக்கில் இருந்த ஓட்டை இதுதான்.

சரி, யார் யாரிடம் வாங்கினார்கள்? அதற்கு அவர் முதல் எழுத்தைப் பிடிக்கிறார். பாட்டன் வீட்டுக் ககரத்தைத் தொண்டைச் செருமலாக மாற்றுவது ஜெர்மானிய வீட்டின் வழக்கம். ஸ்லாவிய வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. அங்கே நேராக வந்திருந்தால் ககரமாகவோ சகரமாகவோதான் நின்றிருக்கும். ஸ்லாவியச் சொல்லின் தலையில் செருமல் இருக்கிறது என்றால், செருமுகிற வீட்டிலிருந்து எடுத்து வந்த சொல். ஏற்காதவர்களும் இருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார். பெரும்பாலோர் ஏற்ற முடிவு இது.

வாங்கியவன் பொருளோடு சேர்த்து, கொடுத்தவன் வீட்டுப் பழுதையும் எடுத்து வந்துவிடுகிறான்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு ஃபைலையும் திறந்தேன். ஸ்டெல்லா ஃபைலில் செமிகோலன் இரண்டிரண்டு. முத்துலட்சுமி ஃபைலிலும் இரண்டிரண்டு. வரிக்கு வரி. முத்துலட்சுமி அடித்த பழைய வேலைகளைத் திறந்தேன். எல்லாவற்றிலும் ஒற்றை.

படிக்கட்டுக்கு ஓடினேன். ஓடியதில் ஒரு படி தவறி, அவள் டிபன் பாக்ஸ் மேல் போய் விழுந்தேன்.

"ஏம்மா, உன் போர்டுல ரெண்டு விழுறது இன்னும் நிக்கலையா?"

"எப்ப நின்னுச்சு? நான்தான் மாத்தித் தாங்கன்னு கேட்டு ஓஞ்சு போனேனே."

"என் பேச்சைக் கேட்டு நீ மெதுவா தட்டுறேன்னு நெனைச்சேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என் மனைவியிடமும் பார்த்திருக்கிறேன்.

"அண்ணே, அன்னைக்கு பன்னு நல்லா இருந்துச்சு. பேச்சு ஞாபகமில்ல."

5. வியாழக்கிழமை

ரகுராமன் வந்தார். தனபால் சால்வை போர்த்தப் போனார். அவர் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். கேபினுக்குள் நாங்கள் ஐந்து பேர். முத்துலட்சுமி தன் சிஸ்டத்தின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா கதவோரம் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"பேர் சொல்லுங்க" என்றார் ரகுராமன்.

"ஏனுங்க சார், நான்தான் ஃபோன்லயே சொல்லிட்டனுங்களே. அதா நிக்குதுங்களே, அந்தப் புள்ளதானுங்க" என்றார் தனபால்.

நான் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். முந்தின நாள் முழுக்க ஒத்திகை. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. கடைசியில் தமிழே கைகொடுத்தது.

"சார், ரெண்டு ஃபைல்லயும் செமிகோலன் ரெண்டு ரெண்டா இருக்கு. ஸ்டெல்லா போர்டுல அது ரிப்பேர். முத்துலட்சுமி போர்டுல ரிப்பேர் இல்ல. ரெண்டு போர்டுலயும் ஒரு வரி அடிச்சுப் பாருங்க சார்."

"என்னய்யா கோமாளித்தனம் பண்றே?" என்றார் தனபால்.

ரகுராமன் நாற்காலியை இழுத்துப்போட்டு முத்துலட்சுமியின் போர்டில் தானே ரொட்டியை அடித்தார். ஒற்றைச் செமிகோலன். ஹாலுக்கு வந்து ஸ்டெல்லாவின் போர்டில் அடித்தார். இரட்டை. மறுபடி அடித்தார். மறுபடி இரட்டை. கேபினுக்குத் திரும்பினார்.

"அந்த போர்டுல அடிச்ச ஃபைல்தான் இங்க வந்திருக்கு. இங்கேருந்து அங்க போகல" என்றார்.

"போர்டை மாத்தி வெச்சிருப்பாங்க சார். கூட்டு" என்றார் தனபால்.

"எனக்குன்னு கொடுத்த நாள்ல இருந்து அது ஒண்ணுதான் சார் என் போர்டு. மாதா ஸ்டிக்கரே வெளிறிப் போச்சு பாருங்க" என்றாள் ஸ்டெல்லா.

ரகுராமன் முத்துலட்சுமி பக்கம் திரும்பினார். "நீதான் காப்பி பண்ணினியாம்மா?"

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கீபோர்டைப் பார்த்தே சொன்னாள்.

"சித்தப்பா, நான் இந்த ரொட்டிப் பக்கத்தைப் பாத்ததே இல்லையே. இங்க வந்ததுல இருந்து நீங்க குடுத்த கம்பெனி லெட்டரைத்தான அடிச்சேன். சாப்பாட்டு நேரத்துல என் லாகினை வாங்கிக்கிட்டு நீங்கதான உக்காருவீங்க."

தனபால் முகம் கொஞ்சமாவது கறுக்கும் என்று பார்த்தேன். கறுக்கவில்லை. காய்கறி மண்டியில் பழகிய முகம், ஒரு ஆள் வேலையைக் காட்டி இரண்டு ஆள் காசு வாங்கிய முகம்.

"அப்படின்னா சிஸ்டம் மிஸ்டேக்குங்க சார். ஃபைல் ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கும்."

ரகுராமன் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையை எழுதினால் பதிப்பகம் முதலில் சென்னையைத்தான் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். துடைத்து முடிப்பதற்குள் கணக்குப் போட்டுவிட்டார்.

"ஓகே. சிஸ்டம் எரர்னே ரிப்போர்ட் பண்ணிடலாம். பேர் எதுவும் வேண்டாம். முழுக்க ரீ-கீ பண்ணுங்க, இந்தத் தடவை ஒழுங்கா ரெண்டு பேர். ஸ்டெல்லா, நீ போய் சீட்ல உக்காரும்மா."

நான் நிம்மதியில் வேகமாகத் தலையாட்டினேன். மானம்கெட்ட தலை. ஸ்டெல்லா நகரவில்லை.

"சிஸ்டம் தப்புன்னா, என்னைய இத்தனை நாள் படிக்கட்டுல உக்கார வெச்சதும் சிஸ்டமா சார்?"

பிறகு தனபால் பக்கம் திரும்பினாள்.

"ஹாலுக்கு நடுவுல நின்னுதான் என்னைய காப்பின்னு சொன்னீங்க. அதே இடத்துல நின்னு, அவ எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போயி உக்காருறேன்."

"அதுதான் உக்காரச் சொல்லியாச்சில்ல. அப்புறம் என்ன பேச்சு?" என்றார் தனபால்.

அவள் ஹாலுக்குப் போய், போர்டிலிருந்த மாதா ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாதிதான் வந்தது. அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"வாரேண்ணே" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

பெயர் கெடாததால் சில மாதத்தில் மதுரையில் ஒரு யூனிட்டில் சேர்ந்தாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் யூனிட்டில் அந்த வியாழனுக்கு மறுவாரமே ஸ்டெல்லாவின் சிஸ்டத்துக்குப் புது கீபோர்டு வந்தது. க்யூசிக்குப் புது ஆள் வந்தார். நேர்த்திக்கடனுக்காகப் பழனிக்குப் போய் மொட்டையடித்துத் திரும்பியபோது எனக்கு வேலை இல்லை, முடியும் இல்லை. ஒன்றாவது திரும்ப வளரும் என்று மனைவி ஆறுதல் சொன்னாள். முடிதான் முதலில் வந்தது.

6. போன வருஷம் ஒரு மேடையில்

இதையெல்லாம் மறந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் செம்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போனேன். அங்கே படிக்கும் என் மகள் வரச் சொன்னாள். சிறப்பு விருந்தினர் தனபால். இப்போது அவர் பெரிய தொழிலதிபர். மாணவர்களுக்கு நேர்மையைப் பற்றிப் பேசினார்.

"என்ர கம்பெனியில ஒரு பொண்ணு, பக்கத்துல இருக்கறவ அடிச்சதைக் காப்பியடிச்சு மாட்டிக்கிச்சுங்க. வெளிநாட்டு வேலை. நான்தான் கண்டுபுடிச்சனுங்க. எப்படித் தெரியுமுங்களா? ரெண்டு பேர் தனித்தனியா ஒரே தப்பைச் செய்ய மாட்டாங்க, பாத்துக்குங்க."

கை தட்டினார்கள். என் மகளும் தட்டினாள். நான் கடைசி வரிசையில், எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்தபோது தேசிய கீதம் தொடங்கிவிட்டது. நான் எழுந்தது அதற்காகத்தான் என்று பக்கத்திலிருந்தவர் நினைத்திருப்பார்.

ஆதி ஸ்லாவிய ரொட்டியைப் பற்றி எழுதி வைத்த சாட்சி ஒன்றும் இல்லை. அதனால் அந்தப் பேராசிரியை நட்சத்திரம் போட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு குறியே வைத்திருக்கிற தொழில் அது. திண்டுக்கல்லில் அந்த மழைக்காலத்தில் நடந்ததற்கு நட்சத்திரம் தேவையில்லை. கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறோம்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று. சிவப்பே விழவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், உள்ளே திறந்து பாருங்கள். மற்றபடி நடந்தது இதுதான். அகராதியை அடித்தவள் ஸ்டெல்லா. முத்துலட்சுமி அதைத் தொடவில்லை. சாப்பாட்டு நேரத்தில், கண்ணாடிக் கேபினில், முத்துலட்சுமியின் லாகினில் உட்கார்ந்து ஸ்டெல்லாவின் ஃபைலைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றி வைத்தவர் தனபால்.